அரக்குச் சேலையின் கருப்பு

அப்பாவுக்கு எழுபது முடிந்த அன்று ஒரு பரிசு கொடுத்தேன். கொடுத்த இரண்டாவது நிமிடமே அது தப்பாகப் போய்விட்டது.

எங்கள் வீட்டில் அப்பத்தாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 1955இல் மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய அட்டை. ஓரங்கள் மழுங்கி, ஒரு மூலையைப் பூச்சி அரித்திருக்கிறது. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அப்பத்தா நிற்கிறார், இடுப்பில் இரண்டு வயது அப்பா. முன்னால் ஒன்பது வயது அத்தை, முக்காலி ஒன்றின் மேல் கையை வைத்தபடி. இந்தப் படம் எடுத்த இரண்டாவது வருஷம் அப்பத்தா பிரசவத்தில் இறந்துபோனார். அப்பாவுக்கு அப்போது நாலு வயது.

இந்தப் படத்தை நான் ஸ்கேன் செய்து, பழைய படங்களைச் சரிசெய்யும் மென்பொருள் ஒன்றில் போட்டேன். கீறல்களை நீக்கியது, மங்கலைத் தெளிவாக்கியது, வண்ணமும் பூசிக் கொடுத்தது. எல்லாம் சேர்த்து நாலே நிமிடம். பெரிதாகப் பிரின்ட் போட்டு, தேக்குச் சட்டம் அடித்து, பாக்கிங் தாள் சுற்றி எடுத்துப்போனேன். அப்பா பிரித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண் கலங்குவார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

“யாருடா இது?” என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “எனக்கு ஆத்தா மொகம் ஞாபகத்துல இல்லடா. போட்டோவுல இருக்கறதுதான் எனக்கு ஆத்தா. அதையும் மாத்திட்டியே.”

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அத்தைக்கு இப்போது எழுபத்தேழு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கு முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. சேலையில்தான் நின்றார். மென்பொருள் அந்தச் சேலைக்குக் கருநீலம் பூசியிருந்தது. “நீலமா? அது அரக்குச் சேலைல்ல! அரக்குல வெள்ளப் புள்ளி வச்ச சுங்குடி. யாரு நீலம்னு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. படத்தில் அந்தச் சேலை கருப்பாக இருக்கிறது. புள்ளி மட்டும் வெள்ளை. கருப்புக்குப் பக்கத்து நிறம் கருநீலம் என்று மென்பொருள் ஊகித்துவிட்டது. அரக்கு எப்படி இவ்வளவு கருப்பாக விழும், அத்தைக்குத்தான் ஞாபகம் பிசகியிருக்கும் என்று நானும் மனதுக்குள் நினைத்தேன். பொறியியல் படித்தவனின் முதல் சந்தேகம் மனிதர்கள் மேல்தான் போகிறது.

அன்று ராத்திரி தேட ஆரம்பித்தேன். அத்தை சொன்னது சரியாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு என்பது தெரிந்தது.

*

புகைப்படத்தின் அடிப்படை வெள்ளி உப்புகள். வெளிச்சம் பட்ட இடத்தில் வெள்ளியாக மாறிக் கருத்துவிடும், அதுதான் நெகட்டிவ். ஆனால் இந்த உப்புகளுக்கு இயற்கையிலேயே ஒரு குறை உண்டு. நீலமும் ஊதாவும்தான் அவற்றுக்கு உறைக்கும். பச்சை சுமாராகக்கூட உறைக்காது. சிவப்பு வெளிச்சம் பட்டால் இருட்டில் இருப்பதுபோல அப்படியே கிடக்கும். ஆரம்ப கால இருட்டறையில் சிவப்பு விளக்குப் போட்டு வேலை செய்ய முடிந்தது இதனால்தான்.

1873இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மன் வேதியியலாளர், தகட்டில் சில சாயங்களைச் சேர்த்தால் பச்சையும் பதிகிறது என்று கண்டுபிடித்தார். அந்த வழியில் வந்தவற்றுக்கு ஆர்த்தோகுரோமாட்டிக் என்று பெயர். நீலம் பதியும், பச்சை பதியும், சிவப்பு பதியாது. சிவப்பையும் சேர்த்துப் பார்க்கும் பான்குரோமாட்டிக் தகடுகள் 1906 வாக்கில் கடைக்கு வந்தன. ஆனால் வந்த உடனே பழையது ஒழிந்துவிடவில்லை. ஹாலிவுட்டே 1920களின் பிற்பகுதி வரை பழைய ஃபிலிமில்தான் ஓடியது. சிவப்பு உதட்டுச்சாயம் கருப்பாக விழும், நீலக் கண் வெளுத்துப்போய்க் குருடுபோலத் தெரியும். மௌனப்பட நடிகர்கள் மூஞ்சியில் அவ்வளவு மாவு அப்பியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உருவப்படம் எடுக்கும் ஸ்டூடியோக்களில் ஆர்த்தோ இன்னும் நெடுநாள் நின்றது. சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தபடியே நெகட்டிவைக் கழுவலாம் என்ற வசதிதான் காரணம்.

இப்போது அப்பத்தாவின் படத்துக்கு வருவோம். அது ஆர்த்தோவில் எடுத்ததென்றால் அரக்குச் சேலை ஏறக்குறையக் கருப்பாகத்தான் விழும். குங்குமப் பொட்டு கருப்பு. வெற்றிலை போட்ட உதடு கருப்பு. வெள்ளைப் புள்ளி மட்டும் தப்பிக்கும். படத்தில் இருப்பது இதேதான். நெற்றியில் பெரிய கரும்பொட்டு. சின்ன வயதில் அதைப் பார்த்து அப்பத்தா சாந்துப் பொட்டு வைப்பவர் என்று நினைத்திருந்தேன்.

முகத்துக்கும் இதே கதைதான். நம் தோலின் பழுப்பில் சிவப்புக் கூறு அதிகம். சிவப்பைப் பார்க்காத தகடு நம்மை இருக்கிற நிறத்தை விடக் கருப்பாகத்தான் காட்டும். கொடுத்த காசுக்கு ஆட்கள் அதை ஒத்துக்கொள்வார்களா? எனவே ‘டச்சிங்’ என்று ஒரு வேலை இருந்தது. கூர்மையாகச் சீவிய பென்சிலால் நெகட்டிவில் முகம் இருக்கும் இடத்தில் மெல்லப் புள்ளி புள்ளியாகத் தேய்ப்பார்கள். நெகட்டிவில் பென்சில் ஏறிய இடம் பிரின்ட்டில் வெளுப்பாகும். அம்மைத் தழும்பு போகும், கண்ணுக்கடியில் உள்ள கருவளையம் போகும், நிறமும் ஒரு பிடி கூடும். அப்பத்தாவின் கன்னத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்தப் பென்சில் தடம் இன்றும் தெரிகிறது.

ஆக, அவர் நிறத்தை மூன்று பேர் மாற்றியிருக்கிறார்கள். ஃபிலிம் கருக்க வைத்தது. டச்சிங் செய்தவர் வெளுக்க வைத்தார். எழுபது வருஷம் கழித்துப் பேரன் வந்து மென்பொருளால் இன்னும் வெளுக்க வைத்தான். நடுவில் இருந்த பெண் என்ன நிறம்? “எங்காத்தா நல்ல கருப்புப்பா. மொழுக்குனு இருப்பா” என்கிறார் அத்தை.

*

வண்ணம் பூசும் மென்பொருளை எப்படிப் பழக்குகிறார்கள் என்று சொன்னால், அது எங்கே சறுக்கியது என்பது விளங்கும். பல லட்சம் வண்ணப் படங்களை எடுத்து, வண்ணத்தை உருவிவிட்டுக் கருப்பு வெள்ளையாக்கி, “இது என்ன நிறமாக இருந்திருக்கும்?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். தப்பாகச் சொன்னால் திருத்துகிறார்கள். கடைசியில் அதற்கு வானம் நீலம், புல் பச்சை, தோல் இன்ன நிறம் என்று ஒரு பழக்கம் வந்துவிடும்.

இதில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. இன்றைய வண்ணப் படத்தை நிறமிழக்கச் செய்து கிடைக்கும் சாம்பலும், 1955இன் தகடு தந்த சாம்பலும் ஒன்றுதான் என்ற அனுமானம். அவை ஒன்றல்ல. இன்றைய கணக்கில் அரக்கு நடுத்தரச் சாம்பல், பழைய தகட்டில் அது கருப்பு. மென்பொருளுக்கு ஒரு மொழியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வேறொரு மொழியில் எழுதிய கடிதத்தைப் படிக்கக் கொடுத்திருக்கிறோம். படித்தும் காட்டிவிட்டது. தயக்கமே இல்லாமல்.

இன்னொரு சங்கதி. எந்த நிறம் என்று தெரியாதபோது, தப்பு குறைவாக வரட்டும் என்று சராசரியைப் பிடித்துக்கொள்வது இப்படிப்பட்ட மென்பொருளின் சுபாவம். எல்லா நிறத்துக்கும் சராசரி ஒரு மங்கலான பழுப்பு. அதனால்தான் வண்ணமேற்றிய பழைய படங்களில் சட்டை, சுவர், தெரு எல்லாமே டீ சிந்திக் காய்ந்த மாதிரி இருக்கின்றன. நாமும் அதைப் பார்த்து, பழைய உலகம் இப்படித்தான் மங்கலாக, சாந்தமாக இருந்தது என்று நம்பிக்கொள்கிறோம். பழைய அட்டைப் படங்களின் பழுப்பே அந்தக் காலத்தின் பழுப்பு இல்லை. பாதி வெள்ளி மங்கியதால் வந்தது, மீதி அழகுக்காகவும் ஆயுளுக்காகவும் ஸ்டூடியோக்காரர்களே ரசாயனத்தில் முக்கி ஏற்றியது. சுங்குடியும் கண்டாங்கியும் கட்டி நடந்தவர்களின் மதுரை எந்தக் காலத்திலும் பழுப்பாக இருந்திருக்காது.

அந்தக் காலத்து நிறத்தை ஊகிக்காமல், எடுக்கும்போதே பதிந்து வைத்தவர்களும் இருக்கிறார்கள். ரஷ்யாவின் செர்கெய் புரோகுதின்-கோர்ஸ்கி அப்படி ஒருவர். ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸின் ஆதரவோடு 1909 முதல் 1915 வரை ரஷ்யப் பேரரசு முழுக்கச் சுற்றினார். ஒரே காட்சியை நீல, பச்சை, சிவப்பு வடிகட்டிகள் வழியாக அடுத்தடுத்து மூன்று தடவை ஒரு நீளக் கண்ணாடித் தகட்டில் எடுப்பார். மூன்றையும் அதே நிற விளக்குகளால் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் விழச் செய்தால் முழு வண்ணம். புரட்சிக்குப் பின் 1918இல் நாட்டை விட்டுப் போனார், 1944இல் பாரிஸில் இறந்தார். 1948இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அந்தத் தகடுகளை அவர் குடும்பத்திடம் விலைக்கு வாங்கியது. கணினியில் ஒன்றுசேர்த்து 2001இல் கண்காட்சியாக வைத்தது.

அந்தப் படங்களை நான் முதலில் பார்த்தபோது கொஞ்சம் பயமாகவே இருந்தது. 1909இல் ஒரு மரவீட்டின் முன்னால் மூன்று பெண்கள் தட்டுகளில் பழம் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பாவாடைகளின் சிவப்பும் ஊதாவும் பளிச்சென்று அடிக்கின்றன. சமர்கந்தில் ஒருவர் முலாம்பழம் விற்கிறார். நேற்று எடுத்ததுபோல இருக்கிறது. ‘அந்தக் காலம்’ என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் தூரம் சட்டென்று காணாமல் போகிறது. அதோடு ஏக்கமும் போய்விடுகிறது என்பதைத்தான் கவனித்தேன். பழுப்பு இல்லாவிட்டால் அவர்கள் வேறு ஊர் ஆட்கள், அவ்வளவுதான். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எப்போது முடியும் என்று நிற்கிறவர்கள். மூன்று தடவை எடுப்பதற்குள் யாராவது அசைந்தால், ஓடும் தண்ணீர் மாதிரி, அவர்களைச் சுற்றி வண்ண விளிம்புகள் பிரிந்து நிற்கும்.

*

‘நூறு வருஷத்துக்கு முந்தைய தமிழ்நாடு’ என்று எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் மாசம் ஒரு தடவையாவது வரும். குடத்தோடு பெண்கள், மாட்டுவண்டி, ஆளில்லாத தெரு. கீழே, ‘எவ்வளவு நிம்மதியான வாழ்க்கை!’ எனக்கும் அந்தப் படங்கள் பிடிக்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சேலை விவகாரத்துக்குப் பிறகு, படம் வந்தால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். இந்தப் படம் யாருக்குத் தேவைப்பட்டது?

1856இல் மதராஸ் அரசாங்கம் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியை அரசுப் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் திருச்சி, தஞ்சை, மதுரை என்று சுற்றி எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வந்தன. மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம் எல்லாம் அதில் உண்டு. அற்புதமான படங்கள். ஆனால் ஆட்கள் அபூர்வம். அரசாங்கத்துக்கு வேண்டியது கட்டடங்கள். அதோடு, மெழுகிட்ட காகித நெகட்டிவுக்கு நிமிடக்கணக்கில் வெளிச்சம் வேண்டும். நடந்து போகிறவர்கள் அதில் தங்கவே மாட்டார்கள். மதுரை அன்று ‘நிம்மதியாக’ இருந்தது என்றால், சந்தைக்குப் போனவர்களைக் காகிதம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இன்னொன்று, நீலத்தை மட்டும் பார்க்கும் நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். டிரைப் நெகட்டிவில் கையால் மேகம் வரைந்தார். நான் மென்பொருளால் செய்ததை அவர் தூரிகையால் செய்திருக்கிறார்.

அடுத்தது ‘இந்திய மக்கள்’ என்ற தலைப்பில் 1868 முதல் 1875 வரை லண்டனில் வெளியான எட்டுத் தொகுதிகள். 468 படங்கள். 1857 எழுச்சிக்குப் பிறகு, தாம் ஆளும் மக்களை வகைபிரித்துத் தெரிந்துகொள்ள ஆட்சியாளர்களுக்கு ஏற்பட்ட அவசரம் அதில் தெரிகிறது. பெரும்பாலான படங்களில் ஆளின் பெயருக்குப் பதிலாக இனமோ சாதியோதான் இருக்கும். உட்கார்ந்தவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

மூன்றாவதைச் சொல்ல எனக்குக் கை வரவில்லை, ஆனால் சொல்லாமல் விடவும் முடியாது. 1876-78 தாதுவருடப் பஞ்சத்தை வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற மதராஸ் ராணுவ அதிகாரி படமெடுத்தார். எலும்பும் தோலுமான குடும்பங்களை உட்கார வைத்தும் நிற்க வைத்தும் வரிசைப்படுத்தி எடுத்த படங்கள். அமைப்பைப் பார்த்தால் குடும்பப் படம்போலவே இருக்கிறது. நடுவில் பெரியவர்கள், ஓரத்தில் பிள்ளைகள். அதே பழுப்புதான் அந்தப் படத்துக்கும்.

இவை எதையும் படத்தில் இருப்பவர்கள் கேட்கவில்லை. ஸ்டூடியோ வந்தபோதுதான் அது மாறியது. காசு கொடுப்பவர், தான் எப்படித் தெரிய வேண்டும் என்பதையும் சொல்லலாம். நம்மூர் ஸ்டூடியோக்களில் இருந்த திரைகளை நினைத்துப் பாருங்கள். அரண்மனைப் படிக்கட்டு, தூண், பூந்தோட்டம், சில இடங்களில் ஏரியும் பாலமும். ஓட்டு வீட்டிலிருந்து வந்தவர்கள் அந்தப் படிக்கட்டின் முன்னால் நின்றார்கள். கோட்டு, கைக்கடிகாரம், பின்னாளில் டிரான்சிஸ்டர், டெலிபோன் எல்லாம் ஸ்டூடியோவிலேயே கிடைக்கும். சடங்கான பெண்ணுக்குப் பூச்சடை வைத்து, பின்னால் ஒரு கண்ணாடியை நிறுத்தி, முகமும் ஜடையும் ஒரே படத்தில் விழும்படி எடுப்பார்கள். பொய்தான். ஆனால் உட்கார்ந்தவர் விரும்பிச் சொன்ன பொய். எங்கள் ஊர்ப் பக்கத்தில் அதற்கும் வாய்க்காதவர்கள் நிறைய. “போட்டோ எடுத்தா ஆயுசு கொறையும்” என்று ஒதுங்கியவர்களும் உண்டு. 1993இல் அறிவிக்கப்பட்ட புகைப்பட வாக்காளர் அட்டைக்காக எடுத்ததுதான் பல கிழவிகளுக்கு முதல் படம். அவர்கள் இறந்தபின் அதையே பெரிதாக்கி, மாலை போட்டு, சுவரில் மாட்டியிருப்பதை நானே நாலைந்து வீடுகளில் பார்த்திருக்கிறேன். மறுபடியும் அரசாங்கத்துக்குத் தேவைப்பட்ட படம்.

*

அப்பத்தாவின் நெகட்டிவ் கிடைத்தால் ஃபிலிம் எது என்பது தெரிந்துவிடும், டச்சிங் இல்லாத முகத்தையும் ஓரளவு மீட்கலாம் என்று ஒரு ஆசை. அட்டையின் பின்னால் இருந்த ரப்பர் ஸ்டாம்பை வைத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். அந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். விசாரித்து விசாரித்து, ஸ்டூடியோக்காரரின் பேரனைப் பிடித்தேன். என் வயசுதான். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். கண்ணாடித் தகடுகளை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டிவிட்டு, சாமி படத்துக்குச் சட்டம் அடிக்கிறவர்களுக்கு எடைக்குப் போட்டுவிட்டார்களாம். ஃபிலிம்களை வெள்ளி எடுக்கிறவர்கள் மூட்டையாக வாங்கிக்கொண்டு போனார்களாம். “எங்களுக்கு அது யாரோ ஒருத்தர் மூஞ்சிண்ணே. எத்தன ஆயிரம் மூஞ்சிய வச்சிருக்கறது?”

அவர் கேட்டதில் தப்பில்லை. வீட்டுக்காரர்கள் நாமே கேட்டு வாங்கி வைக்கவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தோடு சேர்ந்து, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் மிஞ்சிய படங்களைத் தேடி எண்மமாக்கியிருக்கிறது. அந்தத் தொகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவது தெரியாது. அரண்மனைப் படிக்கட்டுகள், முக்காலிகள், விறைத்த கைகள். எங்கள் அப்பத்தா அதில் இல்லை. ஆனால் அவரைப் போலவே நின்றவர்கள் பலர் இருக்கிறார்கள். பெயர் தெரியாதவர்கள் அதிகம். அரசாங்கம் எடுத்த படங்களில் பெயரை எழுதாமல் விட்டவர் வெள்ளைக்கார அதிகாரி. இவற்றில் எழுதாமல் விட்டவர்கள் நாம்தான்.

*

மென்பொருள் செய்த இன்னொரு காரியத்தை நான் ரொம்ப நாள் கவனிக்கவே இல்லை. மூலப் படத்தில் அப்பாவின் முகம் கலங்கியிருக்கும். எல்லோரும் மூச்சைப் பிடித்து நின்றபோது இரண்டு வயதுப் பையன் தலையைத் திருப்பிவிட்டான். அந்த ஸ்டூடியோவில் லென்ஸ் மூடியைக் கையால் கழற்றி, “ஒன், டூ” என்று எண்ணி, திரும்ப மூடுவார்களாம். அத்தைக்கு அந்தக் குரல் ஞாபகம் இருக்கிறது. அந்த இடைவெளியில் பையன் அசைந்துவிட்டான்.

மென்பொருள் அந்தக் கலங்கலைத் துடைத்து, அழகான குழந்தை முகம் ஒன்றை வைத்திருந்தது. கண், மூக்கு, கன்னத்தில் குழி. அது எங்கிருந்து வந்தது? எங்கள் படத்தில் அந்த விவரமே கிடையாது. இல்லாத விவரத்தை மீட்க முடியாது, புதிதாக உண்டாக்கத்தான் முடியும். அது பழகிய வேறு ஆயிரமாயிரம் முகங்களிலிருந்து ஒன்றைச் செய்து ஒட்டியிருந்தது. அப்பத்தாவின் முகத்திலும் அப்படித்தான், கொஞ்சம் குறைவாக. அப்பா “யாருடா இது?” என்று கேட்டது மிகச் சரியான கேள்வி.

மனிதர் தெரியும் மிகப் பழைய படமாகச் சொல்லப்படுவது டாகேர் 1838இல் பாரிஸில் ஒரு தெருவை எடுத்தது. நல்ல நெரிசலான தெரு. ஆனால் பல நிமிடம் திறந்திருந்த கேமராவில் வண்டிகளும் ஆட்களும் மறைந்துபோனார்கள். காலணிக்குப் பாலிஷ் போட நின்ற ஒருவரும், போட்டுவிட்டவரும் மட்டும் மிஞ்சினார்கள். அசையாமல் இருந்தார்கள், அதனால் இருக்கிறார்கள். எங்கள் படத்தில் அப்பா பாதி அசைந்தார், பாதி இருக்கிறார். அந்தக் கலங்கல் பிழை இல்லை. அந்த அரை நொடியில் உண்மையாக நடந்த ஒரே காரியம் அதுதான். மற்ற எல்லோரும் சொன்னபடி நின்றுகொண்டிருந்தார்கள்.

*

போன பொங்கலுக்கு அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, மடிக்கணினியில் மூலப் படத்தின் பிரதி ஒன்றைத் திறந்தேன். தானாக வண்ணம் போடும் எதையும் தொடவில்லை. சேலையை மட்டும் பிரித்தெடுத்து, கையால் நிறம் ஏற்றினேன். அத்தை சொல்லச் சொல்ல மாற்றினேன்.

“இன்னுங் கொஞ்சம் செவப்பு. இல்லல்ல, இது மொளகாப் பழமாட்டம் இருக்கு. கொஞ்சம் கருக்கு. ம்... இப்ப நாவப்பழமா ஆயிருச்சு.”

ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. அப்பா எதிரே உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தார். பக்கம் புரட்டவில்லை. நிறம் தேடத் தேட அத்தைக்கு ஒவ்வொன்றாக வந்தது. தாத்தா கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் இருந்தார். மறுநாள் தனுஷ்கோடி போய்க் கப்பலேற வேண்டும். அங்கே கொண்டுபோக ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு படம் போட்டார்கள். மேலூரிலிருந்து பஸ்ஸில் வந்ததில் அப்பா வாந்தி எடுத்துவிட்டார், சட்டையைக் கழுவி ஈரத்தோடு போட்டார்கள். தலையைத் திருப்பியது அதனால்கூட இருக்கலாம்.

பிறகு அத்தை குரலைத் தணித்துக்கொண்டார். “தம்பி, ஒனக்குத் தெரியாது. அந்தச் சேலை ஆத்தாவோடது இல்ல. பக்கத்து வீட்டுல எரவல் வாங்குனது. சாயங்காலம் துவச்சு மடிச்சுக் குடுத்துட்டா. அதான் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அழுக்காக்கிறாதடி, தொடாதடின்னு அன்னிக்குப் பூராச் சொல்லிட்டே வந்தா.”

படத்தில் அத்தையின் கை ஏன் அம்மாவின் சேலையைப் பிடிக்காமல் முக்காலியைப் பிடித்திருக்கிறது என்று அப்போது புரிந்தது. சின்ன வயதிலிருந்து அந்தப் படத்தைப் பார்த்து வந்திருக்கிறேன். ஸ்டூடியோக்காரர் வைக்கச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். “அப்ப ஆத்தாவோட சேலை என்ன கலருக்கா?”

அத்தை யோசித்தார். “ரெண்டு இருந்துச்சு. ரெண்டும் வெளுத்துப்போச்சுப்பா. நான் பாக்கறப்பவே என்ன கலர்னு சொல்ல முடியாது.”

தேக்குச் சட்டத்திலிருந்த பிரின்ட்டை எடுத்துவிட்டு, பூச்சி அரித்த மூலை உட்பட, மூலப் படத்தையே அதே அளவில் போட்டு மாட்டினோம். கருப்பு வெள்ளையாகவே. பழைய அட்டையை அமிலமில்லாத உறையில் வைக்கும் முன், பின்பக்கம் பென்சிலால் எழுதினேன். பேனா மை ஊறிவிடும், மெல்லிய பென்சில்தான் நல்லது. நாலு பேரின் பெயர், வருஷம், ஊர். அத்தை பக்கத்திலிருந்து சொன்னார், அப்படியே எழுதினேன்: சேலை அரக்கு, இரவல். மூக்குத்தி சொந்தம்.